ட்ஸோங்கா: ஒரு மொழியும் இரண்டு எஜமானர்களும்

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஆப்பிரிக்கா என்றால் சிங்கமும் காடும் என்றுதான் நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே ஜனங்கள் இருக்கிறார்கள், அவர்கள் மண் வெட்டுகிறார்கள், சுரங்கத்தில் இறங்குகிறார்கள், சங்கம் வைத்துப் போராடுகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதில் ஒரு பகுதியை இன்று பேசலாம் என்றிருக்கிறோம். ட்ஸோங்கா என்ற மக்களையும் அவர்கள் பேசும் மொழியையும் பற்றியதுதான் இன்றைய பேச்சு. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நாக்கு இரண்டு தரம் புரண்டால் மூன்றாம் தரம் தானாக வந்துவிடும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். ஆப்பிரிக்காக் கண்டத்தின் தென்கிழக்கில் லிம்போப்போ என்ற ஆறு ஓடி இந்து மகாசமுத்திரத்தில் விழுகிறது. அது கடலில் சேரும் சமவெளியில், தெற்கே மாப்புட்டோ துறைமுகத்திலிருந்து வடக்கே சாவே ஆறு வரையிலும், மேற்கே மலைத்தொடரைத் தாண்டித் தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு மூலையிலும் இந்த மக்கள் வாழ்கிறார்கள். நடுவிலே ஒரு தேச எல்லை ஓடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் உட்கார்ந்து பேசி மலையின் முதுகோடு இழுத்த கோடு அது. கோட்டுக்குக் கிழக்கே போர்த்துகீசியன், மேற்கே முதலில் போயர்கள், பிறகு பிரிட்டிஷ்காரன். அண்ணன் ஒரு சர்க்காருக்கு வரி கட்டினான், தம்பி இன்னொரு சர்க்காருக்குக் கட்டினான். கோடு போட்டவர்கள் அங்கே குடியிருந்த யாரையும் கேட்கவில்லை.

தென்னாப்பிரிக்காவின் 2011 ஜனத்தொகைக் கணக்கில் இந்த மொழியைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 23 லட்சம் பேர், அதாவது நூற்றுக்கு நாலரைப் பேர். மொசாம்பிக்கில் இதையே ஷாங்கானா என்கிறார்கள். ரோங்கா, ட்ஸ்வா என்பவை இதன் நெருங்கிய உடன்பிறப்புகள். ஜிம்பாப்வேயிலும் எஸ்வாட்டினியிலும் (முன்பு சுவாசிலாந்து) கொஞ்சம் பேர் உண்டு. ஒரு ஜனம், நாலு தேசம்.

இந்த மக்களுக்கும் நம்மவர்களுக்கும் ஒரு காலத்தில் நேரான உறவு இருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து போன ட்ரூரோ என்ற கப்பல் நட்டால் நாட்டின் டர்பன் துறைமுகத்தில் சேர்ந்தது. ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களில் முதல் கூட்டம் அதில்தான் இறங்கியது. அதே கரும்புத் தோட்டங்களுக்குத்தான் வடக்கே டெலகோவா வளைகுடாப் பக்கத்திலிருந்து ட்ஸோங்கா இளைஞர்களும் கால்நடையாக வந்து சேர்ந்தார்கள். நட்டால் வெள்ளையர்கள் அவர்களை அமாடோங்கா என்று கூப்பிட்டார்கள். தென்னாற்காட்டுக்காரனும் லிம்போப்போக்காரனும் ஒரே தோட்ட முதலாளிக்குக் கரும்பு வெட்டினார்கள். அவர்கள் தங்களுக்குள் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள் என்பது சுவையான விஷயம். அதற்குப் பிறகு வருகிறோம்.

இப்போது மொழியைக் கொஞ்சம் பார்ப்போம். இலக்கணம் என்றதும் தோழர்கள் கொட்டாவி விட வேண்டாம். இது சுலபமானது.

மனிதன் என்பதற்கு அவர்கள் முன்ஹு என்கிறார்கள். மனிதர்கள் என்றால் வன்ஹு. நாம் சொல்லின் வாலிலே 'கள்' சேர்த்துப் பன்மை ஆக்குகிறோம். அவர்கள் சொல்லின் தலையை மாற்றிப் பன்மை ஆக்குகிறார்கள். வேலை செய்வதற்கு திர்ஹா. அதிலிருந்து வேலை என்ற சொல் ந்திர்ஹோ. வேலை செய்கிறவன், அதாவது தொழிலாளி, முதிர்ஹி. தொழிலாளர்கள், வதிர்ஹி. ஒரே வேரிலிருந்து வேலையும் வந்தது, தொழிலாளியும் வந்தான், தொழிலாளர் கூட்டமும் வந்தது. தலையில் இருக்கிற அந்த அசை வாக்கியத்தில் பின்னால் வரும் வினையிலும் எதிரொலிக்கும். 'வதிர்ஹி வ திர்ஹா' என்றால் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள் என்று பொருள். முதலில் வந்த 'வ' இரண்டாவது இடத்திலும் வந்து நிற்கிறது பாருங்கள். 'செய்கிறார்கள்' என்று நாம் கடைசியில் சொல்லும் கணக்கை அவர்கள் முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள்.

'ஷி' என்ற தலை வந்தால் அது பெரும்பாலும் பொருளையோ மொழியையோ பழக்கத்தையோ குறிக்கும். முட்ஸோங்கா என்றால் ஒரு ஆள், வட்ஸோங்கா என்றால் பல பேர், ஷிட்ஸோங்கா என்றால் அவர்கள் பேசும் மொழி. வெள்ளைக்காரன் முலுங்கு, வெள்ளைக்காரனுடைய போக்கும் வழியும் ஷிலுங்கு. பள்ளிக்கூடம் ஷிகோலோ, வந்த சொல்தான், காது கொடுத்தால் புரியும். பல பள்ளிக்கூடங்கள் ஸ்விகோலோ. இந்த 'ஸ்வி'யை நாம் எழுதுகிற மாதிரி அவர்கள் உச்சரிப்பதில்லை. உதட்டைக் குவித்துப் பல்லிடுக்கில் மெல்ல விசில் அடிக்கிற மாதிரி ஒரு ஒலி வரும். உலகத்தில் மிகச் சில மொழிகளில்தான் இந்த விசில் எழுத்து உண்டு என்று மொழி ஆராய்ச்சிக்காரர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். அங்கே பால் குடிக்கும் குழந்தை அதை ஒரு கஷ்டமும் இல்லாமல் சொல்லும்.

இப்படிப்பட்ட மொழிக்கு ட்ஸோங்கா என்று பெயர் வந்தது எப்படி? இந்த இடத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். பழைய காலத்தில் அந்த ஜனங்கள் தங்களை இந்தத் தலைவனின் ஆட்கள், அந்த ஆற்றங்கரை ஆட்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். ட்ஸோங்கா என்ற பெயர் பக்கத்து ஜனங்கள் வாயிலிருந்து வந்தது. ரோங்கா என்றால் கிழக்கு, அதையே ஜூலுக்கள் தங்கள் உச்சரிப்பில் தோங்கா என்று சொன்னார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. ஷாங்கான் என்ற இன்னொரு பெயர் சோஷங்கானே என்ற படைத்தலைவனால் வந்தது. ஜூலு மன்னன் ஷாகாவின் யுத்தங்களிலிருந்து தப்பி வடக்கே வந்த இந்த சோஷங்கானே, ட்ஸோங்கா கிராமங்களை அடக்கி காஸா என்ற ராஜ்ஜியம் அமைத்தான். தோற்றவர்களுக்கு ஜெயித்தவன் பேரை ஒட்ட வைத்தார்கள். இன்றும் அந்தப் பெயரைப் பெருமையாக ஏற்பவர்களும் உண்டு, அவமானமாக நினைப்பவர்களும் உண்டு.

1875இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த இரண்டு பாதிரிமார்கள், ஏர்னஸ்ட் க்ரூவும் பால் பெர்த்தூவும், தென்னாப்பிரிக்காவின் வடபகுதியில் வால்டேஸியா என்ற இடத்தில் மடம் அமைத்தார்கள். அவர்கள் கையில் வைத்திருந்தது சோத்தோ மொழிப் புத்தகங்கள். சோத்தோ இன்னொரு ஜனத்தின் மொழி. ஆப்பிரிக்கக்காரன் எல்லாருக்கும் ஒரே புத்தகம் போதும் என்று அவர்கள் நினைத்தார்கள் போலும். கேட்டுக்கொண்டிருந்த ஜனங்களுக்குப் பிரசங்கம் புரியவில்லை. அதன் பிறகுதான் அந்த ஜனங்களின் பேச்சைக் கற்று எழுத ஆரம்பித்தார்கள். முதலில் அதற்கு க்வாம்பா என்று பேர் வைத்தார்கள். 1883இல் முதல் புத்தகம் அச்சாயிற்று. அதன் பேரே 'புக்கு', அதாவது புத்தகம். அந்த மொழியில் அச்சான புத்தகம் அது ஒன்றுதான் என்பதால் வேறு பேர் தேவைப்படவில்லை. முழு பைபிள் 1907இல் வந்தது.

கடற்கரையில் வேலை செய்த ஆன்றி ஜூனோ என்ற பாதிரியார், அங்கே பேசப்படும் ரோங்கா வேறு மொழி, அதற்குத் தனி இலக்கணம் வேண்டும் என்றார். வடக்கே இருந்த ஆன்றி பெர்த்தூ, இல்லை, எல்லாம் ஒன்றுதான் என்றார். இரண்டு பாதிரிமார்களின் வாதத்தில் ஜூனோ ஜெயித்தார், 1896இல் ரோங்கா இலக்கணம் வெளிவந்தது. ஒரு கிராமத்துக்கும் அடுத்த கிராமத்துக்கும் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போவது எங்கும் உள்ளது. அந்தத் தொடரில் கத்தி எங்கே விழ வேண்டும் என்பதை மடத்தின் அச்சுக்கூடம் முடிவு செய்தது. ஜூனோ பட்டாம்பூச்சிகளையும் சேகரித்து ஊசி குத்திப் பெட்டியில் வைப்பவர். ஜனங்களையும் அப்படியே வகை பிரித்து 1912இலும் 1913இலும் இரண்டு பெரிய பாகங்களாக ஒரு நூல் எழுதினார். உலகமெங்கும் மானிடவியல் படிப்பவர்கள் அதைப் படிக்கிறார்கள். உழைத்து எழுதிய நூல்தான், நாம் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் எழுதிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் அந்த ஜனங்கள் ஆயிரக்கணக்கில் சுரங்கத்துக்குப் போய்ச் செத்துக்கொண்டிருந்தார்கள். நூலின் மையமாக இருப்பது பழைய கிராமம்தான், சுரங்கத்துக்குக் கிடைத்தது ஓரத்து இடம்.

பாதிரிமார் கொடுத்த எழுத்தை ஜனங்கள் தங்கள் காரியத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. 1882இல் வால்டேஸியாவிலிருந்து கடற்கரைக்கு வேதம் கொண்டு போனவர் யோசெஃபா ம்ஹலம்ஹலா என்ற கறுப்பர்தான். வெள்ளைப் பாதிரிகள் அவருக்குப் பின்னால் போனார்கள். லோரென்சோ மார்க்கஸ் நகரில், இன்று அதற்கு மாப்புட்டோ என்று பெயர், ஜோவா அல்பாஸினி என்ற பத்திரிகையாளர் 1908இல் 'ஓ ஆஃப்ரிக்கானோ' என்ற பத்திரிகையையும் 1918இல் 'ஓ பிராடோ ஆஃப்ரிக்கானோ' என்ற பத்திரிகையையும் தொடங்கினார். அவற்றில் போர்த்துகீசுடன் ரோங்காவும் அச்சானது. கட்டாய வேலையைக் கண்டித்து அந்தப் பத்திரிகைகள் எழுதின. பைபிளுக்காக வார்த்த எழுத்து கூலிக்காரன் வழக்கையும் அச்சடித்தது. டி. சி. மாரிவாட்டே எழுதிய 'சாசாவோனா' என்ற முதல் ட்ஸோங்கா நாவல் 1938இல் வந்தது.

இனி சுரங்கத்துக்கு வருகிறோம். நம் தோழர்களுக்கு இதுதான் முக்கியம்.

1886இல் ஜோஹன்னஸ்பர்க் பக்கத்தில் தங்கம் கண்டார்கள். தங்கம் ஆழத்தில் கிடந்தது, டன் கணக்கில் பாறை உடைத்தால் ஒரு சிட்டிகை கிடைக்கும். தங்கத்தின் விலையை முதலாளியால் ஏற்ற முடியாது, அது லண்டனில் நிர்ணயமானது. யந்திரச் செலவையும் குறைக்க முடியாது. குறைக்கக் கூடியது ஒன்றுதான், கறுப்பன் கூலி. மலிவான ஆள் எங்கே கிடைப்பான்? கோட்டுக்குக் கிழக்கே!

கிழக்கே போர்த்துகீசியன் நிலைமை வேறு. அவன் ஏழை ஏகாதிபத்தியவாதி. 1895 டிசம்பரில் ஷைமித்தே என்ற இடத்தில் காஸா மன்னன் ங்குங்குன்யானேயைப் பிடித்து அசோர்ஸ் தீவுக்கு நாடு கடத்தினான். மன்னர் 1906இல் அங்கேயே இறந்தார். ராஜ்ஜியத்தைப் பிடித்தாயிற்று, அதை வைத்துப் பணம் பண்ண முதல் இல்லை, தொழில் இல்லை. ஆட்களை விற்பது ஒன்றே அவனுக்குத் தெரிந்த வியாபாரம். குடிசைக்கு வரி போட்டான். வரியைக் காசாகத்தான் கட்ட வேண்டும். 1899இல் ஒரு சட்டம் போட்டான். உழைப்பது சுதேசிகளின் கடமை, உழைக்காதவனைச் சர்க்கார் உழைக்க வைக்கலாம் என்று அதில் எழுதினான். அப்படிப் பிடித்துப் போய் ரோடு போடவும் தோட்டத்தில் மாடாய் உழைக்கவும் வைத்ததற்கு ஷிபாலோ என்று பெயர். நம் நாட்டு வெட்டி வேலையை நினைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் கசையடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷிபாலோவுக்குச் சிக்காமல் இருக்க ஒரே வழி சுரங்கத்துக்கு ஓடுவதுதான். ஆகவே, ட்ஸோங்கா வாலிபன் தானே விரும்பிச் சுரங்கத்துக்குப் போனான் என்று கம்பெனிக்காரர்கள் எழுதி வைத்திருப்பதை நாம் இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும்.

ஆள் பிடிக்கும் வேலையைச் சுரங்க முதலாளிகள் எல்லாரும் சேர்ந்து ஒரே ஸ்தாபனமாக நடத்தினார்கள். அதன் நீண்ட பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஜனங்கள் வெனேலா என்றார்கள். ஒரு முதலாளி கூலியை ஏற்றி இன்னொருவனுடைய ஆளை இழுக்கக் கூடாது என்பதற்காகவே அமைத்த ஸ்தாபனம் அது. தொழிலாளி சங்கம் வைத்தால் சட்ட விரோதம், முதலாளி சங்கம் வைத்தால் பொருளாதாரம்! 1909இல் இரண்டு சர்க்கார்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. போர்த்துகீசியன் ஆள் அனுப்ப வேண்டும். அதற்குப் பதிலாக டிரான்ஸ்வாலுக்குக் கப்பலில் வரும் சரக்கில் ஏறத்தாழ பாதி லோரென்சோ மார்க்கஸ் துறைமுகம் வழியாகப் போக வேண்டும். இந்தப் பக்கம் மனிதன், அந்தப் பக்கம் சரக்கு, தராசு சரியாக நின்றது.

ரெஸ்ஸானோ கார்ஸியா என்ற எல்லைப்புற ஸ்டேஷனில் ரயிலேற்றுவார்கள். 1928 ஒப்பந்தப்படி ஒரு ஆள் அதிகபட்சம் பதினெட்டு மாதம் இருக்கலாம், பிறகு திரும்பியாக வேண்டும். மனைவி மக்களைக் கொண்டு போக முடியாது. கூலியில் ஒரு பகுதியை அங்கே கையில் கொடுக்காமல், ஊர் திரும்பிய பிறகு போர்த்துகீசிய ஆபீசில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். தொழிலாளிக்குப் போர்த்துகீசிய நோட்டு. அந்தப் பணத்துக்கு ஈடாகப் போர்த்துகீசியனுக்குத் தங்கம், அதுவும் சர்க்கார் நிர்ணயித்த விலையில். வெளிச் சந்தையில் தங்க விலை ஏறிய காலத்தில் அவன் அதை விற்று லாபம் பார்த்தான். தங்கத்தைத் தோண்டியவன் தங்கத்தின் நிறத்தைக்கூட ஊரில் பார்க்கவில்லை.

ஜோஹன்னஸ்பர்க்கை ட்ஸோங்காக்கள் சுருக்கமாக ஜோனி என்பார்கள். ஜோனியிலிருந்து திரும்பியவன் மகாயிஸா. அவனுக்கு ஊரில் மரியாதை. முன்பெல்லாம் கல்யாணத்துக்குப் பெண் வீட்டாருக்கு இரும்பு மண்வெட்டிகளையோ மாடுகளையோ பரிசமாகக் கொடுப்பார்கள். அவை தகப்பன் கையில் இருந்தன, ஆகவே மகன் தகப்பனுக்கு அடங்கி நடந்தான். சுரங்கம் வந்த பிறகு பரிசம் பவுன் காசாக மாறியது. அது மகன் சம்பாதித்தது. இளைஞன் நிமிர்ந்தான் என்று சொல்லலாம். ஆனால் பவுன் காசுக்காகப் பாறைக்கடியில் குனிந்துதான் அந்த நிமிர்வை வாங்க வேண்டியிருந்தது. ஊரில் மக்காச்சோளமும் வேர்க்கடலையும் மரவள்ளியும் பயிரிட்டுக் குடும்பத்தைக் காத்தவர்கள் பெண்கள். மண்வெட்டி அவர்கள் கையை விட்டு இறங்கவேயில்லை. சுரங்கக் கூலி ஒரு குடும்பம் பிழைக்கப் போதாது. போதாத பாக்கியை அந்தப் பெண்ணின் மண்வெட்டி கட்டியது. சுரங்க முதலாளியின் லாபத்தில் அவன் கண்ணாலேயே பார்க்காத அந்தப் பெண்ணின் உழைப்பும் சேர்ந்திருந்தது என்பதை விவசாயத் தொழிலாளித் தோழர்கள், குறிப்பாகப் பெண் தோழர்கள், எளிதில் புரிந்துகொள்வார்கள்.

சுரங்கத்துக்குள் மொழி என்னவாயிற்று? அங்கே ட்ஸோங்கா இருந்தான், சோத்தோ இருந்தான், ஹோசா இருந்தான், ஜூலு இருந்தான். வெள்ளை மேஸ்திரி ஒருவன் மொழியையும் கற்க மாட்டான். எல்லாருக்கும் ஃபனகாலோ என்ற கலப்படப் பேச்சைச் சொல்லிக் கொடுத்தார்கள். பெரும்பாலும் ஜூலுச் சொற்கள், கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் டச்சுச் சாடை. 'இதைப்போல் செய்' என்பதிலிருந்து வந்தது அதன் பெயர். பெயரே ஒரு உத்தரவு. எடு, போடு, தள்ளு, ஓடு, இதற்கெல்லாம் அதில் சொல் உண்டு. கூலி ஏன் குறைந்தது என்று விவாதிக்க அதில் யாரும் சொல் தேடி வைக்கவில்லை. நட்டால் தோட்டங்களுக்குப் போன நம்மவர்கள் அங்கிருந்த ஆப்பிரிக்கத் தொழிலாளிகளோடு பேசியதும் பெரும்பாலும் இந்த ஃபனகாலோவில்தான். நாம் முன்பு கேட்ட கேள்விக்கு இதுவே விடை. எஜமானுக்காக ஏற்பட்ட பேச்சிலேயே இரண்டு கூலிகள் உப்பும் புகையிலையும் கேட்டுக்கொண்டார்கள்.

வேலை முடிந்து மேலே வந்தால் காம்பவுண்டு. காம்பவுண்டு என்றால் மதில் சூழ்ந்த கொட்டடி. அங்கே ஒவ்வொரு ஜனத்தையும் தனித்தனி அறைகளில் பிரித்து வைத்தார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாட்டாண்மை. இந்த வேலைக்கு இந்த ஜாதி ஆள்தான் லாயக்கு என்று வகைப்படுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தனித்தனி கோஷ்டியாக நடனமாட வைத்து வெள்ளைக்கார விருந்தாளிகளுக்குக் காட்டினார்கள். கோஷ்டிகளுக்குள் சண்டை வந்தால், 'பழைய இனப் பகை' என்று பத்திரிகையில் போட்டார்கள். தடுப்புச் சுவர் கட்டியவன் யார் என்று போடவில்லை.

அந்தச் சுவரையும் தாண்டினார்கள். 1946 ஆகஸ்ட் 12ஆம் தேதி ஆப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை நிறுத்தம் செய்தார்கள். நாளைக்குப் பத்து ஷில்லிங் கூலி என்பது கோரிக்கை. சங்கத் தலைவர் ஜே. பி. மார்க்ஸ், கம்யூனிஸ்ட் கட்சித் தோழர். போலீசார் சுரங்கத்துக்குள்ளேயே இறங்கி, உட்கார்ந்து மறியல் செய்தவர்களை அடித்து மேலே விரட்டினார்கள். குறைந்தது 9 பேர் உயிரிழந்தார்கள், ஆயிரத்துக்கு மேல் காயம். சில நாளில் வேலை நிறுத்தத்தை நசுக்கிவிட்டார்கள். பல மொழிக்காரர்கள் ஒரே நாளில் ஒரே கோரிக்கைக்கு நின்றதைப் பார்த்த ஆளும் வர்க்கம், அடுத்து வந்த வருஷங்களில் என்ன செய்தது என்பதைக் கவனித்தால், அது எதைக் கண்டு பயந்தது என்று தெரியும்.

1948இல் நிறவெறி ஆட்சி வந்தது. 1950இல் கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்தார்கள். 1953இல் பாண்டு கல்விச் சட்டம். கறுப்பர் பிள்ளைகள் தாய்மொழியில்தான் படிக்க வேண்டும் என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? தாய்மொழிக் கல்வி வேண்டும் என்று நாமும்தானே சொல்கிறோம்! ஆனால் அங்கே தாய்மொழியை வேலியாக நட்டார்கள். ட்ஸோங்காவுக்குத் தனிப் பள்ளி, தனி ரேடியோ, கடைசியில் தனி 'தாயகம்'. வெண்டா மக்களும் ட்ஸோங்கா மக்களும் தலைமுறை தலைமுறையாகக் கலந்து வாழ்ந்த ஊர்களைப் பிரித்தார்கள், குடும்பங்களை லாரியில் ஏற்றி இறக்கினார்கள். துண்டு துண்டான வறண்ட நிலங்களைச் சேர்த்து காஸான்குலு என்று பேர் வைத்து, கியானியைத் தலைநகராக்கி, 1973இல் 'சுயாட்சி' கொடுத்தார்கள். அதன் முதல் மந்திரி ஹட்சன் ன்ட்சன்விசி ஒரு மொழிப் பேராசிரியர், ட்ஸோங்கா மொழியில் தேர்ந்தவர். பொம்மைச் சுதந்திரத்தை அவர் ஏற்க மறுத்தார், அந்த அளவுக்கு மதிக்கலாம். ஆனால் வேலிக்குள் மந்திரியாக இருக்க அவர் சம்மதித்தார். காஸான்குலு 1994 ஏப்ரலில்தான் ஒழிந்தது.

கோட்டுக்குக் கிழக்கே போர்த்துகீசியன் நேர் எதிரான வழியில் போனான். சுதேசிகள் பேசுவது மொழியே அல்ல, நாய் மொழி என்று ஏளனம் செய்தான். பள்ளியில் போர்த்துகீசு மட்டுமே, சொந்த மொழி வேதபாடத்துக்கு மட்டும். போர்த்துகீசு எழுதப் படிக்கத் தெரிந்து, வெள்ளைக்காரன் மாதிரி வாழ்கிறேன் என்று நிரூபித்தவனுக்கு 'அஸ்ஸிமிலாடோ' என்று ஒரு பத்திரம் கொடுத்தான். அது இருந்தால் ஷிபாலோ கிடையாது. 1950ஆம் வருஷக் கணக்கில் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட கறுப்பர்களில் அந்தப் பத்திரம் பெற்றவர்கள் ஐயாயிரம் பேர்கூட இல்லை. ஆக, ஒருவன் மொழியைப் பறித்தான், இன்னொருவன் மொழிக்குள் வைத்துப் பூட்டினான். இரண்டு பேருக்கும் வேண்டியிருந்தது ஒன்றே, பதினெட்டு மாத ஒப்பந்தத்துக்கு ஊமையாக ஒரு ஆள்.

அந்த மண்ணிலிருந்துதான் எடுவர்டோ மொண்ட்லானே வந்தார். 1920இல் காஸா பிரதேசத்தில் மன்ஜகாஸே பக்கம் பிறந்தவர், சின்ன வயதில் மாடு மேய்த்தவர், சுவிஸ் மடத்துப் பள்ளியில் படித்தவர். ஜோஹன்னஸ்பர்க் சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்தபோது 1949இல் நிறவெறி சர்க்கார் வெளியேற்றியது. 1962 ஜூன் 25இல் ஃப்ரெலிமோ என்ற விடுதலை முன்னணி அமைந்தபோது அதன் தலைவரானார். 1969 பிப்ரவரி 3இல் தாரெஸ்ஸலாமில் ஒரு புத்தகப் பொட்டலத்துக்குள் வைத்து அனுப்பிய வெடிகுண்டு அவரைக் கொன்றது. அவருக்குப் பின் வந்த சமோரா மாஷெலும் காஸா பிரதேசத்துக்காரர், விவசாயி மகன், அவர் அண்ணன் தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் இறந்தவர். 1975 ஜூன் 25இல் மொசாம்பிக் விடுதலை அடைந்தது.

விடுதலை பெற்ற சர்க்கார் போர்த்துகீசையே ஆட்சிமொழியாக வைத்துக்கொண்டது. நாட்டில் இருபதுக்கு மேற்பட்ட மொழிகள். ட்ஸோங்காவை வைத்தால் வடக்கே மக்குவா மக்கள், தெற்கத்தியான் ஆட்சி என்பார்கள். காட்டில் ஆயுதம் ஏந்தியபோது பல ஜனத்தையும் ஒன்று சேர்த்த பேச்சும் போர்த்துகீசுதான். ஆகவே அந்த முடிவின் காரணம் நமக்குப் புரிகிறது. இருந்தாலும், ஷாங்கானா மட்டும் தெரிந்த விவசாயியின் பிள்ளை முதல் வகுப்பில் உட்கார்ந்து வாத்தியார் சொல்வது புரியாமல் விழித்தது என்பதும் உண்மை. கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் அந்த விவசாயியே விழித்தான். ஐக்கியத்துக்காக என்று சொல்லி ஏழையின் நாக்கைக் காக்க வைத்தது நீண்ட காலம் நீடித்துவிட்டது என்பதே நம் அபிப்பிராயம். தாய்மொழியில் ஆரம்பித்துப் பிறகு போர்த்துகீசுக்குப் போகும் இருமொழிக் கல்வியை 2003இல்தான் பள்ளிகளில் புகுத்தத் தொடங்கினார்கள்.

இதில் ரூத் ஃபர்ஸ்ட் என்ற தோழரைச் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்கக் கம்யூனிஸ்ட், பத்திரிகையாளர், நாடு கடந்து மாப்புட்டோ சர்வகலாசாலையில் வேலை செய்தவர். சுரங்கத் தொழிலாளரைப் பற்றி அவர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில் புள்ளி விவரத்தோடு நிற்கவில்லை. கிராமத்துக்குப் போய், தொழிலாளிகளிடமும் அவர்கள் பெண்டாட்டிமார்களிடமும் அவரவர் மொழியிலேயே பேட்டி கண்டு, வேலைப் பாட்டுகளையும் பதிவு செய்தார்கள். 1982 ஆகஸ்ட் 17இல் கடித வெடிகுண்டு அனுப்பி அவரையும் கொன்றார்கள். புத்தகம் அடுத்த வருஷம் வெளிவந்தது.

தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சட்டம் ட்ஸோங்காவை ஆட்சிமொழிகளில் ஒன்றாக்கியது. ஜிம்பாப்வே 2013இல் தன் சட்டத்தில் அதைச் சேர்த்தது. எழுத்துமுறை இரு பக்கமும் இன்னும் ஒன்றாகவில்லை. அந்த விசில் ஒலியை மேற்கே ஒரு விதமாக எழுதுகிறார்கள், கிழக்கே வேறு விதமாக எழுதுகிறார்கள்.

சட்டத்தில் இடம் கிடைத்ததும் வேலி சாய்ந்துவிடவில்லை. 2008 மே மாதம் ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துச் சேரிகளில் அந்நிய நாட்டார் மேல் தாக்குதல் கிளம்பியது. வேலை இல்லை, வீடு இல்லை, வெளியூர்க்காரன் பறித்துக்கொண்டான் என்று ஏழை ஏழையை அடித்தான். ஆளை நிறுத்தி, முழங்கைக்கு ஜூலு மொழியில் என்ன சொல் என்று கேட்டார்கள். தெரியாதவன் அந்நியன். 62 பேர் செத்தார்கள், அதில் 21 பேர் தென்னாப்பிரிக்கக் குடிமக்களே. ஷாங்கான் என்று அடையாளம் காட்டி ட்ஸோங்கா பேசும் சொந்த நாட்டார்களையும் தாக்கினார்கள். சுரங்கக் காம்பவுண்டில் அறை அறையாகப் பிரித்த பாடம் அறுபது வருஷம் கழித்தும் தெருவில் ஒப்பிக்கப்பட்டது.

இன்னொரு பாக்கியும் உண்டு. பாறைத் தூள் நுரையீரலில் படிந்து மூச்சு முட்டும் சிலிக்கோசிஸ் நோய். பஞ்சுத் தூசியில் வேலை செய்யும் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவன், பல வருஷம் கழித்துத் தன் குடிசையில் இருமிச் செத்தான். கம்பெனிக் கணக்கில் அந்தச் சாவு ஏறவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து தொடுத்த வழக்கில் ஆறு தங்கச் சுரங்கக் கம்பெனிகள் சமரசத்துக்கு வந்தன. 500 கோடி ராண்டு நஷ்டஈடு என்ற அந்த ஏற்பாட்டை 2019இல் ஜோஹன்னஸ்பர்க் உயர்நீதிமன்றம் அங்கீகரித்தது. 1965 மார்ச் 12க்குப் பிறகு வேலை செய்தவர்களுக்கு அது பொருந்தும், எல்லை தாண்டி மொசாம்பிக்கிலிருந்து வந்தவர்களுக்கும் பொருந்தும். அதற்கு முன்னால் வேலை செய்து செத்தவர்களுக்கு அதில் இடமில்லை. நஷ்டஈடு கேட்க வேலை செய்த அத்தாட்சி வேண்டும், நுரையீரல் சோதனை வேண்டும். கணவன் செத்துப்போயிருந்தால் மனைவி காகிதம் காட்ட வேண்டும்.

இரவு ஷிப்டுக்குப் போக வேண்டிய தோழர்கள் இப்போது புறப்படலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃப்ரெலிமோவின் பத்து வருஷ ஆயுதப் போராட்டத்தையும், அதில் விவசாயிகள் வகித்த பங்கையும் பற்றிப் பேசுவோம். கேள்விகள் இருந்தால் எழுதிக் கொடுங்கள்.